பானை ஓட்டைக் கழுவாதீர்கள்: தொல்லியலுக்கு நிலவியல் எப்படி உதவுகிறது?

ஊருணி தூர்வாரும்போதோ, வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ பழைய பானை ஓடு கிடைத்தால், செட்டிநாட்டுப் பக்கம் எல்லோரும் முதலில் செய்வது அதைக் குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவுவதுதான். ஓடு பளிச்சென்று ஆகிவிடும். கருப்பும் சிவப்பும் எடுப்பாகத் தெரியும். படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் "எத்தனை வருஷத்துக்கு முந்தியது?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உதவியிருக்கக்கூடிய மண் அதற்குள் வாய்க்காலோடு போயிருக்கும்.

ஓடு எந்த ஆழத்தில் கிடந்தது, அதைச் சுற்றி எப்படிப்பட்ட மண் இருந்தது, ஓட்டுக்குள்ளேயே என்னென்ன மணல் துகள்கள் கலந்திருக்கின்றன? தொல்லியலாளர் கேட்கும் இந்த மூன்று கேள்விகளும் நிலவியலிலிருந்து வந்தவை. கல்லையும் மண்ணையும் படிப்பவர்கள் பூமியின் வயதையும் பாறைகளின் பிறப்பையும் கண்டுபிடிக்க உருவாக்கிய முறைகள்தான் இன்று மனிதர் விட்டுச்சென்ற பொருட்களைப் படிக்கவும் பயன்படுகின்றன. அந்த முறைகளில் முக்கியமான சிலவற்றை நம் காரைக்குடி, தேவகோட்டை, திருமயம் வட்டாரத்து மண்ணை வைத்தே பார்க்கலாம்.

செம்மண்ணில் தொடங்கிய கதை

இந்தியாவில் பழைய கற்கால ஆய்வு தொடங்கியதே ஒரு நிலவியலாளரால்தான். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். பழைய கற்கால மனிதர்கள் இந்த மண்ணிலும் இருந்தார்கள் என்பதற்கு அதுவே முதல் சான்று. அவர் கல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடவில்லை. அது எந்தப் படிவத்தில் கிடந்தது என்பதைக் குறித்துவைத்தார். செம்புராங்கல் சரளை கலந்த படிவம் அது.

செம்புராங்கல் நமக்குப் புதிதல்ல. செட்டிநாட்டில் பல பழைய வீடுகளின் அடித்தளமும், கிணற்று உறைகளும், ஊருணிக் கரைகளும், சில கோயில்களின் மதிலும் அந்தக் கல்தான். வெப்பமும் மழையும் மாறி மாறி வரும் நிலத்தில், பாறை நெடுங்காலம் மக்கி, கரையக்கூடியதெல்லாம் மழைநீரோடு இறங்கிப்போய், இரும்பும் அலுமினியமும் மட்டும் மிச்சமாகத் தங்குவதால் உருவாவது அது. பூமிக்குள் இருக்கும்போது கோடரியால் வெட்டும் அளவுக்கு மெத்தென்று இருக்கும். வெளியே எடுத்துக் காயவிட்டால் கெட்டிப்படும். இந்தக் குணத்தை நன்றாகத் தெரிந்துவைத்திருந்த பெருங்கற்கால மக்கள் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கங்களில் ஈமக்காடுகளின் கல்வட்டங்களுக்கும் கற்பதுக்கைகளுக்கும் இதையே பயன்படுத்தினார்கள்.

நம் வட்டாரத்து நிலத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி வரும்: வடக்கிலும் மேற்கிலும் திருமயம், குன்றக்குடி, பிள்ளையார்பட்டி போன்ற கருங்கல் குன்றுகள், நடுவில் செம்புராங்கல்லும் செம்மண்ணும் மூடிய மேடு, கிழக்கே கடலை நோக்கிப் போகப் போக மணற்கல்லும் வண்டலும். தெற்கே வைகை தன் மணலையும் களியையும் கொண்டுவந்து கொட்டிய சமவெளி. இது மனதில் இருந்தால் இனிமேல் சொல்லப்போகும் பலவும் எளிதாகப் புரியும். ஒரு பானையில் கலந்த மணல் இவற்றில் எந்த நிலத்திலிருந்து வந்தது என்பதே பாதித் துப்பு.

அடுக்கு, கன்னி மண், கரம்பை

அகழாய்வுக் குழிக்குப் போனால் பொருட்களைப் பார்ப்பதற்கு முன் குழியின் பக்கச் சுவரைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, அதற்குக் கீழே மஞ்சள் மணல், அதற்குக் கீழே ஓடுகள் நிறைந்த கருமண் என்று அடுக்கடுக்காகத் தெரியும். கீழே இருப்பது முன்னால் படிந்தது, மேலே இருப்பது பின்னால் படிந்தது. டென்மார்க் அறிவியலாளர் நிக்கலஸ் ஸ்டெனோ 1669-ல் பாறைகளுக்கு எழுதிவைத்த விதி இதுதான். கேட்டால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் தொல்லியலின் காலக்கணக்கு முழுவதும் இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது. மனிதத் தடயம் எதுவும் இல்லாத, இயற்கையாகப் படிந்த மண் வரும்வரை தோண்டுவார்கள். அதற்குக் கன்னி மண் என்று பெயர். அதைத் தொட்டால்தான் அந்த இடத்தில் முதல் குடியிருப்பு எப்போது வந்தது என்று பேச முடியும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், மண் நாம் நினைப்பதுபோல் சும்மா கிடப்பதில்லை. எலி வளை தோண்டும், கரையான் கீழ் மண்ணை மேலே கொண்டுவரும், வேர் இறங்கும், பின்னால் வந்தவர்கள் குப்பைக்குழி வெட்டுவார்கள். குழியின் சுவரில் இவற்றையெல்லாம் அடையாளம் காணப் பழகிய கண் வேண்டும். நிறத்தை "கொஞ்சம் சிவப்பு" என்று எழுதினால் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், மன்செல் நிற அட்டையோடு ஒப்பிட்டு எண்ணாகக் குறிக்கிறார்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. கோடையில் கண்மாய் வற்றியதும் கரம்பை மண்ணை அள்ளி வண்டி வண்டியாக வயலுக்கு அடிப்பது காலங்காலமாக நடக்கிறது. அந்த மண்ணோடு ஓடுகளும் போகும். ஆகவே வயலின் மேல்பரப்பில் ஓடுகள் சிதறிக் கிடந்தால் அங்கே ஊர் இருந்தது என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த ஓட்டில் ஒட்டிய மண் வயல் மண்தானா, இல்லை கண்மாயின் களியா என்று துகள் அளவைச் சலித்துப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். பெரிய கருவி எதுவும் தேவையில்லை. வரிசையாகச் சல்லடைகளும் ஒரு தராசும் போதும். ஆனால் மண் ஓட்டோடு இருக்க வேண்டும்.

இன்னும் நுட்பமாகப் பார்க்க வேண்டுமென்றால், குழியின் சுவரிலிருந்து ஒரு மண்கட்டியை உதிராமல் அப்படியே பெயர்த்து, பிசின் ஊற்றி இறுகவைத்து, கல்லை அறுப்பதுபோல் அறுத்து நுண்ணோக்கியில் வைப்பார்கள். சாணம் மெழுகிய தரை, மிதித்து மிதித்து இறுகிய தரை, வெள்ளம் கொண்டுவந்து போட்ட மண் எல்லாம் அதில் தனித்தனியாகத் தெரியும். வெறும் கண்ணுக்கு மூன்றும் ஒரே பழுப்பு நிறம்தான்.

ஓட்டுக்குள்ளே இருக்கும் மணல்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பானை செய்பவர் வெறும் களிமண்ணில் பானை வனைய மாட்டார். காயும்போது வெடிக்கும். அதனால் மணலோ உமியோ கலப்பார். அந்த மணல் எங்கோ ஒரு பாறை உடைந்து வந்தது. ஓட்டின் ஓரத்திலிருந்து ஒரு சிறு துண்டை அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனம் வரும்வரை தேய்த்தால் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகிவிடும். நிலவியல் மாணவர்கள் பாறைகளைப் படிப்பதற்குத் தினமும் செய்கிற வேலை இது. அதை, ஒரே திசையில் அதிரும் ஒளியைப் பாய்ச்சும் துருவ ஒளி நுண்ணோக்கியில் வைத்துத் தட்டைச் சுழற்ற வேண்டும்.

அப்போது ஓட்டுக்குள் ஒரு நிலப்பரப்பே தெரியும். குவார்ட்ஸ் துகள்கள் சாம்பல் வெள்ளையாக, சுழற்றச் சுழற்ற ஒளிர்ந்து அணையும். ஃபெல்ட்ஸ்பாரில் ஒருவகை வரிவரியாகவும் இன்னொரு வகை கட்டம் கட்டமாகவும் இருக்கும். காக்காப்பொன் என்று நாம் சொல்லும் மைக்கா நீளவாக்கில் வண்ணம் காட்டும். துகள்களின் முனை கூர்மையாக இருந்தால் பாறைக்குப் பக்கத்திலேயே அள்ளிய மணல். உருண்டு மழுங்கியிருந்தால் ஆறு நெடுந்தூரம் உருட்டி வந்த மணல். செம்புராங்கல் நிலத்து மண்ணில் வனைந்த பானையாக இருந்தால் அடர்சிவப்பும் கருப்புமாகச் சின்னச் சின்ன இரும்பு உருண்டைகள் அங்கங்கே கிடக்கும். திருமயத்துக்குப் பக்கத்தில் வனைந்த பானைக்கும் வைகைக் கரையில் வனைந்த பானைக்கும் வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும், உள்ளே இருக்கும் மணல் அவற்றைப் பிரித்துக் காட்டிவிடும்.

கீழடியில் இது நடந்தது. நம் சிவகங்கை மாவட்டத்து ஊர்தான் அது. தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே கிடைத்த பானை ஓடுகளை இத்தாலியில் உள்ள பீசா பல்கலைக்கழகத்தின் புவி அறிவியல் துறைக்கு அனுப்பியது. தண்ணீர்ப் பானையும் சமையல் பானையும் உள்ளூர் மூலப்பொருளைக் கொண்டே செய்யப்பட்டவை என்று கனிம ஆய்வு காட்டியது. வெளியூர்ப் பானையை விலைக்கு வாங்கிய ஊராக இல்லாமல், தன் பானையைத் தானே செய்துகொண்ட ஊர் என்று இதிலிருந்து பேச முடிகிறது.

வெளியூர்ப் பானை வந்த கதைகளும் உண்டு. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டிலும் நமக்குத் தெற்கே ராமநாதபுரம் கடலோரத்து அழகன்குளத்திலும் ரோமானிய ஆம்போராக்களின் உடைசல்கள் கிடைத்திருக்கின்றன. மதுவும் எண்ணெயும் ஏற்றிவந்த இரண்டு பிடிச் சாடிகள் அவை. இத்தாலியின் கம்பானியாப் பகுதியில் செய்த ஆம்போராவில் கரிய எரிமலை மணல் கலந்திருக்கும். தென்னிந்தியக் கடற்கரையில் அப்படிப்பட்ட எரிமலை கிடையாது. ஓர் ஓட்டில் அந்தக் கருமணலைப் பார்த்தால் அந்தச் சாடி கடல் தாண்டி வந்தது என்பதில் ஐயமில்லை.

இன்னொரு ஓட்டின் கதை இதற்கு நேர்மாறானது. உட்புறத்தில் வட்ட வட்டமாகப் புள்ளி வரிசை உருட்டிய மெல்லிய தட்டுகளை 'ரௌலட்டட்' வகை என்பார்கள். 1945-ல் அரிக்கமேட்டைத் தோண்டிய ஆங்கிலேயத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் காலத்தில், அது மத்தியதரைக் கடல் நாட்டிலிருந்து வந்தது என்ற கருத்து வேரூன்றியது. அழகான பொருளென்றால் வெளிநாட்டிலிருந்துதான் வந்திருக்கும் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் பலருக்கும் இருந்தது. பின்னால், எக்ஸ்ரே சிதறும் விதத்தை வைத்துக் கனிமத்தை அடையாளம் காணும் எக்ஸ்ரே டிஃப்ராக்ஷன் முறையில் கனிமங்களையும், வேறு முறைகளில் தனிமங்களையும் அளந்தபோது அது இந்திய மண் என்று தெரிந்தது. 1997-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கங்கைக் கழிமுகத்தின் சந்திரகேதுகர்–தாம்லுக் பகுதியைச் சுட்டியது. கண்ணால் பார்த்துச் சொன்ன தீர்ப்பைக் கனிமத் துகள் மாற்றி எழுதிய நிகழ்வு அது. அதனால்தான் "இந்த ஓடு பார்த்தாலே ரோமானியது" என்று யாராவது அடித்துச் சொன்னால், ஆய்வுக்கூட முடிவு வரட்டும் என்று சொல்வது நல்லது.

எக்ஸ்ரே டிஃப்ராக்ஷன் பானை சுட்ட வெப்பத்தையும் சொல்லும். களிமண்ணில் உள்ள கயோலினைட் என்ற கனிமம் ஏறத்தாழ 550 டிகிரி செல்சியசில் குலைந்துவிடும்; 1000 டிகிரிக்கு மேல் போனால் முல்லைட் என்ற புதுக் கனிமம் பிறக்கும். எது இருக்கிறது, எது இல்லை என்று பார்த்தால் சூளை எவ்வளவு சூடேறியது என்று கணிக்கலாம். காரைக்குடிக்காரர்கள் சிக்ரி என்று அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953-ல் திறக்கப்பட்டது. அதைப் போன்ற பொருளறிவியல் ஆய்வகங்களில் இந்தக் கருவி வழக்கமாக இருப்பதுதான். நம் கல்லூரிப் பிள்ளைகள் பேட்டரிக்கும் துருவுக்கும் கற்றுக்கொள்ளும் அதே முறை, ஈராயிரம் ஆண்டுப் பானைக்கும் பொருந்தும்.

வயதைக் கணக்கிடுவது

கார்பன் டேட்டிங் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அமெரிக்க வேதியியலாளர் வில்லார்ட் லிபி 1949-ல் உருவாக்கிய முறை. 1960-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. உயிரோடு இருக்கும்வரை மரமும் நெல்லும் காற்றிலிருந்து கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கும். செத்ததும் அது நின்றுவிடும். உள்ளே இருப்பது 5730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். மிச்சத்தை அளந்தால் வயது. இன்றைய முடுக்கிக் கருவிகளுக்குச் சில மில்லிகிராம் கரியே போதும். ஐம்பதாயிரம் ஆண்டுக்கு மேல் போனால் அளக்க எதுவும் மிஞ்சாது.

கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டு அமெரிக்காவின் மயாமியில் உள்ள ஆய்வகத்தில் கி.மு. 580 என்று வந்தது. 200 சென்டிமீட்டரில் எடுத்தது கி.மு. 205. ஆழம் கூடக் கூட வயது கூடியிருக்கிறதே, அதைக் கவனியுங்கள். ஆழமும் வயதும் இப்படி ஒத்துவந்தால்தான் அடுக்குகள் குலையவில்லை என்ற நம்பிக்கை வரும். தேதி மட்டும் தனியாக வந்திருந்தால் அதற்கு இவ்வளவு வலு இருந்திருக்காது.

கரி கிடைக்காத இடங்களில் என்ன செய்வது? அங்கேதான் மணல் துகளே கடிகாரமாகிறது. ஒளித்தூண்டல் காலக்கணிப்பு என்று சொல்லலாம், ஆய்வாளர்கள் ஓ.எஸ்.எல். என்றே பேசுவார்கள். கோயில் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஏறத்தாழ ஒரே அளவு காணிக்கை விழுகிறது என்று தெரிந்தால், திறந்து எண்ணியதும் கடைசியாக எப்போது காலி செய்தார்கள் என்று கணக்குப் போட்டுவிடலாம். குவார்ட்ஸ் துகளும் அப்படித்தான். சுற்றியுள்ள மண்ணின் மெல்லிய கதிரியக்கத்தால் அதற்குள் எலக்ட்ரான்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். வெயில் பட்டாலோ சூளையில் சுட்டாலோ எல்லாம் வெளியேறிப் பூச்சியமாகும். மறுபடி மண்ணுக்குள் போனதும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ஆய்வகத்தில் ஒளியைப் பாய்ச்சினால் சேர்த்துவைத்தது ஒளியாக வெளிவரும். அதை அளந்து, ஆண்டுக்கு எவ்வளவு சேர்ந்திருக்கும் என்பதால் வகுத்தால் கடைசியாக வெயில் பட்ட காலம் தெரியும்.

இந்த ஆண்டுக் கணக்கைப் போடுவதற்குத்தான் ஓட்டைச் சுற்றியிருந்த மண் வேண்டும். அதில் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியத்தை அளந்தால்தான் வகுக்கும் எண் கிடைக்கும். வெயில் பட்டால் உள்ளே இருக்கும் கணக்கே அழிந்துவிடும் என்பதால், மண் மாதிரியை இரும்புக் குழாயைச் சுவரில் அடித்து இறக்கி, இரு முனையையும் மூடி எடுப்பார்கள். ஆய்வகத்திலும் மங்கிய சிவப்பு விளக்கில்தான் வேலை. அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகம் இதில் நம் நாட்டின் முன்னோடிகளில் ஒன்று.

சென்னைக்கு அருகே அத்திரம்பாக்கத்தில், ஃபூட்டும் அவருடைய நண்பர் வில்லியம் கிங்கும் 1863-ல் கண்ட அதே இடத்தில், ஒளியால் அளக்கும் இந்த வகை முறைகளில் ஏறத்தாழ 3,85,000 ஆண்டு என்ற வயது கிடைத்தது. முடிவு 2018-ல் வெளியானது. அதற்குக் கீழே உள்ள பழைய அடுக்குக்கு, விண்கதிர்களால் குவார்ட்ஸுக்குள் உருவாகும் அலுமினியம்-26, பெரிலியம்-10 ஆகியவற்றை அளந்து, சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் அறிவித்தார்கள். கார்பனால் எட்ட முடியாத ஆழம் அது.

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட இரும்பு பற்றிய அறிக்கையிலும் கார்பன், ஓ.எஸ்.எல். ஆகிய இரு முறைகளும் சேர்ந்தே வருகின்றன. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கி.மு. 3345 வரை போகும் தேதிகள் கிடைத்தன. செய்தித் தலைப்புகளில் இரும்பின் வயது என்று வந்தது. உண்மையில் அளந்தது இரும்போடு ஈமத்தாழியில் கிடந்த கரியையும் பானை ஓட்டையும். கரியும் இரும்பும் ஒரே நேரத்தில் உள்ளே போனவைதானா என்பது அடுக்கைப் படித்துச் சொல்ல வேண்டிய விஷயம். அறிஞர்கள் அங்கேதான் விவாதிக்கிறார்கள், விவாதிக்கவும் வேண்டும். தேதியைக் கொண்டாடுவதோடு அந்த விவாதத்தையும் நாம் பின்தொடர்ந்தால், அந்த எண்ணின் மதிப்பு இன்னும் நன்றாகப் புரியும்.

எலும்பும் இரும்பும்

செம்மண் மேட்டில் உள்ள ஈமக்காடுகளைத் தோண்டினால் பல சமயம் பானையும் இரும்பும் கிடைக்கும். எலும்பு நொறுங்கிப்போயிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அந்த மண்ணின் அமிலத்தன்மை எலும்பைக் கரைத்துவிடுகிறது. கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் தாழிகளுக்குள் எலும்புகள் கிடைத்தது நினைவிருக்கலாம். ஆகவே எலும்பு இல்லை என்றால் அங்கே யாரையும் புதைக்கவில்லை என்று பொருளல்ல. மண்ணின் வேதியியலைச் சோதித்த பிறகுதான் அந்தப் பேச்சுக்கே இடம்.

பல் தப்பித்திருந்தால் அது பெரிய வரவு. பல் எனாமல் சிறு வயதில் உருவாகி, அதன்பின் மாறுவதில்லை. குழந்தை குடித்த நீரிலும் தின்ற சோற்றிலும் இருந்த ஸ்ட்ரான்ஷியம் அதில் தங்கிவிடும். ஸ்ட்ரான்ஷியம் ஐசோடோப்புகளின், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களின், விகிதம் பாறைக்குப் பாறை மாறும்; கருங்கல் போன்ற மிகப் பழைய பாறை நிலத்தில் ஒன்று, கடலோர வண்டலில் இன்னொன்று. பல்லின் விகிதமும் புதைத்த இடத்தின் விகிதமும் பொருந்தாவிட்டால், அவர் வேறெங்கோ வளர்ந்து இங்கே வந்து சேர்ந்தவர்.

இரும்பைப் பொறுத்தவரை, நம் பக்கத்துச் சான்று பெரும்பாலும் கசடுதான், அதாவது தாதுவை உருக்கும்போது இரும்பிலிருந்து பிரியும் கழிவு. புதுக்கோட்டை வட்டாரத்தில் பல இடங்களில் கருத்து, கனமாக, மேலே குமிழ்குமிழாக ஓடி உறைந்த கட்டிகளைப் பார்க்கலாம். இரும்புச்சத்து மிக்க செம்புராங்கல் காலடியிலேயே கிடக்கிறது. கரிக்குக் காடு இருந்தது. கசடை அறுத்து மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் ஃபயலைட் என்ற கனிமம் நீள்நீளக் கோல்களாகத் தெரியும். ஏறத்தாழ 1200 டிகிரி வெப்பத்தில் உருகி ஓடியதன் அடையாளம் அது. இரும்பே உருக 1538 டிகிரி வேண்டும். அந்த வெப்பம் இல்லாமலே கசடை மட்டும் உருக்கி வடித்து இரும்பைக் கட்டியாகப் பிரித்திருக்கிறார்கள் என்பது இந்த ஒரு துண்டிலிருந்து தெரிகிறது. உருக்குவதில் வந்த கசடு வேறு, கொல்லன் பட்டறையில் அடிக்கும்போது வந்த கசடு வேறு. இரண்டும் ஒன்றாகக் கிடந்தால் பிரித்தெடுத்துச் சொல்ல ஆய்வகம்தான் வேண்டும்.

தோண்டாமலே பார்ப்பது பற்றி ஒரு வார்த்தை. தரை ஊடுருவும் ரேடார், காந்தமானி, மின்தடை அளவீடு என்று மூன்று வழிகள். கனிமமும் நிலத்தடி நீரும் தேட நிலவியலாளர் பயன்படுத்துபவை. தமிழ்நாடு தொல்லியல் துறை 2023-ல் அகழாய்வு தொடங்கிய, புதுக்கோட்டைக்கு அருகே உள்ள பழைய கோட்டையான பொற்பனைக்கோட்டை போன்ற இடத்தில் மூடிப்போன அகழியையும் புதைந்த சுவரையும் தேட மின்தடை அளவீடு பொருத்தமானது: ஈரமான அகழியில் மின்சாரம் எளிதாக ஓடும், கல் சுவரில் ஓடாது. காந்தமானி செம்புராங்கல் நிலத்தில் கொஞ்சம் தடுமாறும், மண்ணிலேயே அவ்வளவு இரும்பு இருப்பதால். ரேடார் ஈரக் களியில் ஆழம் இறங்காது. கருவி வாங்குவதற்கு முன் நிலம் என்னவென்று தெரிய வேண்டும் என்பது இதனால்தான்.

கண்மாய்ச் சேறும் கடல் மணலும்

கண்மாயும் ஊருணியும் இல்லாமல் செட்டிநாட்டைப் பேச முடியாது. ஒவ்வொரு மழைக்கும் ஒரு மெல்லிய படிவு என்று அவற்றின் தரையில் சேறு சேர்ந்திருக்கிறது. அதில் குழாயை இறக்கி மண்ணைச் சிதையாமல் எடுத்தால், வெள்ள ஆண்டும் வறட்சி ஆண்டும் துகள் அளவில் தெரியும். மகரந்தத்தைத் தேடலாம் என்பார்கள். ஆனால் கோடையில் காய்ந்து வெடிக்கும் நம் கண்மாய்களில் மகரந்தம் நன்றாகத் தங்காது. நெல்லும் புல்லும் தம் செல்களில் சேர்த்துவைக்கும் நுண்ணிய சிலிக்கா துகள்கள் தங்கும். நெல்லின் துகளுக்குத் தனி வடிவம் உண்டு என்பதால், எந்தப் படிவிலிருந்து நெல் விளைந்தது என்று தேட முடியும். அடியோடு பொக்லைன் வைத்து வாரிய கண்மாயில் இந்தப் பதிவு அழிந்துபோகும். தூர்வாருவது அவசியம்தான். வாருவதற்கு முன் ஓரத்தில் ஒரு குழாய் மண் எடுத்துவைத்தால் இரண்டும் நடக்கும்.

நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து இங்கே வந்தார்கள் என்பது மரபு. கடல்கோளால் வந்தார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. நிலவியலால் இதில் எதைச் சொல்ல முடியும்? 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கடற்கரையில் விட்டுச்சென்ற மணல் படிவுகளை ஆய்வாளர்கள் படித்திருக்கிறார்கள். கடலின் நுண்ணுயிர் ஓடுகள் கலந்த மணல் விரிப்பு, உள்நாட்டு வண்டலுக்கு நடுவே வந்தால் அது கடல் ஏறிய சான்று. அந்த மணலுக்கு ஓ.எஸ்.எல். வயதும் பார்க்கலாம். பூம்புகார்ப் பக்கம் எந்த நூற்றாண்டில் கடல் ஏறியது என்ற கேள்விக்கு இப்படிப் பதில் தேட முடியும். யார் கிளம்பினார்கள், ஏன் கிளம்பினார்கள் என்பதை மணல் சொல்லாது. அதற்குக் கல்வெட்டும் செப்பேடும் கோயில் வழக்கமும்தான்.

வீடுகளே மாதிரிகள்

மண்ணுக்கு அடியில்தான் எல்லாம் இருக்கிறது என்றில்லை. நம் வளவு வீடுகளே நிலவியல் காட்சிக்கூடங்கள். அடியில் செம்புராங்கல், முகப்பில் கருங்கல், தரையில் ஆத்தங்குடிக் கல், சில வீடுகளில் இத்தாலியப் பளிங்கு, சுவரில் முட்டையும் கடுக்காயும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பு.

சுண்ணாம்புச் சாந்து கெட்டியாகும்போது காற்றிலிருந்து கரியமிலவாயுவை இழுத்துக்கொள்ளும். அந்தக் கார்பன் கட்டிய காலத்தது. ஆகவே சாந்துக்கே கார்பன் டேட்டிங் செய்யலாம். சரியாக வேகாத கிளிஞ்சலோ சுண்ணாம்புக் கல்லோ உள்ளே தங்கியிருந்தால் வயது தவறாகக் கூடிவிடும் என்பதால் மிகுந்த கவனம் வேண்டும். கடந்த முந்நூறு ஆண்டுகளுக்குள் கார்பன் முறை தெளிவான விடை தராது. ஒரே அளவுக்குப் பல தேதிகள் பொருந்தும். அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு வீட்டுக்கு இது உதவாது. வீட்டுக் கணக்குப் பேரேடு அதைவிடத் துல்லியம். பழைய கோயில் மதிலுக்கும் குளத்துப் படிக்கட்டுக்கும் இது பயன்படும்.

வீட்டில் ஆய்வகம் விடை சொல்லக்கூடிய கேள்வி வேறு: எங்கிருந்து வந்தது? வெள்ளைப் பளிங்கு எல்லாம் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். அதில் உள்ள கார்பன், ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் விகிதம் சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும். வீட்டார் "இத்தாலிக் கல்" என்று சொல்லிவந்தது காராராச் சுரங்கத்துக் கல்லா, ராஜஸ்தானத்து மக்ரானாக் கல்லா என்று சுண்டைக்காய் அளவுத் துண்டில் பிரித்துச் சொல்ல வாய்ப்பு உண்டு. சாந்தில் கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பா, பாறைச் சுண்ணாம்பா என்பதும் நுண்ணோக்கியில் தெரியும். இவற்றைச் சேர்த்தால் செட்டிநாட்டு வீடுகளுக்குப் பொருள் எந்தெந்த வழியில் வந்தது என்ற வரைபடமே கிடைக்கும்.

இப்போது வீடுகள் வேகமாக இடிபடுகின்றன. தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு விலைபோகின்றன. சாந்தும் உடைந்த பளிங்கும் லாரியில் குப்பையாகப் போகின்றன. பங்காளிகள் பாகம் பிரித்து விற்பதை யாரும் தடுத்துவிட முடியாது. இடிப்பதற்கு முந்தின நாள் ஓர் உள்ளங்கை அளவு சாந்தையும் ஒரு விரல் அளவு பளிங்கையும் எடுத்து, தனித்தனிப் பையில் போட்டு, ஊர், வீட்டின் விலாசம், எந்தக் கட்டு, எந்தச் சுவர், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பென்சிலால் ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். அருகில் உள்ள கல்லூரியில் நிலவியலோ வரலாறோ சொல்லித்தரும் ஆசிரியரிடம் அந்தப் பையைக் கொடுத்துவிடலாம்.

மண்ணுக்குள்ளிருந்து பொருள் வந்தால் வழி வேறு. 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவானாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னால் அவர் மேலே அனுப்புவார். அவர்கள் வரும்வரை பொருளை இருந்த இடத்திலேயே விட்டு, ஓர் அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்து, தரைமட்டத்திலிருந்து ஆழத்தை அளந்து குறித்துக்கொண்டு, மேலே ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடிவிடுங்கள்.